அட்டையை வெட்டித்தான் விற்கிறோம்

மருந்து நிறுவனங்களில் மாத்திரை அட்டைகளை வடிவமைப்போருக்கும், அந்த வடிவமைப்புக்கு ஒப்புதல் தருவோருக்கும் ஒரு திறந்த மடல்



ஐதராபாத், அகமதாபாத், சிக்கிம் என்று எங்கெங்கோ உள்ள உங்கள் தொழிற்சாலைகளிலிருந்து புறப்படும் மாத்திரை அட்டை, பல கை மாறிக் கடைசியில் எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு வந்து சேர்கிறது. சிறு நகரம் ஒன்றில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். உங்கள் கணினித் திரையில் அட்டை எப்போதும் முழுசாகவே இருக்கும். எங்கள் மேசையில் அதற்குப் பக்கத்திலேயே கத்தரிக்கோல் இருக்கும். அந்தக் கத்தரிக்கோலை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் என் முறையீடு.

காய்ச்சல், சளி என்று வருபவருக்கு டாக்டர் மூன்று நாளைக்கு எழுதுகிறார். காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் ஆறு மாத்திரை. அட்டையில் இருப்பது பத்து. கட்டட வேலைக்குப் போகிறவர் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு வந்து, "சுகர் மாத்திரை ஒரு வாரத்துக்கு மட்டும் குடுங்க" என்கிறார். முழு அட்டை வாங்கினால்தான் தருவேன் என்று அவரிடம் சொன்னால் அவர் மாத்திரை இல்லாமலே வீட்டுக்குப் போவார். ஆகவே வெட்டுகிறோம். நாடு முழுக்க லட்சக்கணக்கான கடைகளில் தினமும் நடப்பது இதுதான். இந்தியாவில் மாத்திரை விற்கும் முறையே இது.

இப்போது வெட்டிய பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், விலை எல்லாம் அட்டையின் ஒரே ஓரத்தில் இருக்கின்றன. நாங்கள் எப்போதும் எதிர் ஓரத்திலிருந்துதான் வெட்டிக்கொண்டு வருவோம். மருந்து ஆய்வாளர் வந்து கேட்டால், கடையில் மிச்சமிருக்கும் துண்டுக்குத் தேதி காட்டியாக வேண்டும். அதனால் தேதி கடையிலேயே தங்கிவிடுகிறது. தேதியில்லாத துண்டு நோயாளியோடு போகிறது. அந்த வீட்டில் ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் பைக்குள்ளோ, பழைய பிஸ்கட் டப்பாவுக்குள்ளோ அது சேர்கிறது. ஏழெட்டு மாதம் கழித்து இன்னொரு காய்ச்சலுக்கு அந்த டப்பாவைத் திறக்கும்போது, வெள்ளித் துண்டுகள் பல கிடக்கும். எது எப்போது காலாவதி ஆகிறது என்று சொல்ல ஒரு துண்டிலும் எழுத்து இருக்காது.

தேதி போனதோடு நிற்பதில்லை. பல அட்டைகளில் மருந்தின் பெயர் நடுவில் பெரிதாக ஒரே ஒருமுறைதான் இருக்கிறது. வெட்டினால் பெயரின் தலை ஒரு துண்டிலும் வால் இன்னொரு துண்டிலும் போய்விடும். மில்லிகிராம் அளவு எந்தப் பக்கம் போகும் என்பது கத்தரிக்கோலின் போக்கைப் பொறுத்தது.

நம் ஊரில் மாத்திரை அட்டை வெறும் உறை இல்லை என்பதை நீங்கள் அறிய வேண்டும். அதுதான் நோயாளியின் மருந்துச் சீட்டு. டாக்டர் எழுதிய தாள் தொலைந்துவிடும். அட்டைத் துண்டு தொலையாது. "இதே மாத்திரை வேணும்" என்று காலி அட்டையைத்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். மயங்கி விழுந்தவரை அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "என்ன மாத்திரை சாப்பிடுறார்?" என்ற கேள்விக்கு உறவினர் காட்டுவதும் அதே துண்டைத்தான். சர்க்கரை மருந்தான கிளிமிபிரைடு 1 மி.கி.யா 2 மி.கி.யா என்று தெரியாமல் போவது சிறிய விஷயமில்லை. அந்த மருந்து கூடினால் ரத்தச் சர்க்கரை தாழ்ந்து ஆளே நினைவிழக்கக்கூடும். அந்த எண்ணைத் துண்டில் தேடிக் காணாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற தருணங்கள் எங்கள் தொழிலில் வந்துகொண்டே இருக்கின்றன.

இதைச் சரிசெய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் இயந்திரங்களைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிளிஸ்டர் அட்டை இரண்டு பகுதி. சூடாக்கிக் குழி போட்ட பி.வி.சி. பிளாஸ்டிக் தாள் ஒன்று. அதன்மேல் ஒட்டி மூடும் 20 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள அலுமினியத் தாள் இன்னொன்று. பெயர், அளவு, உட்பொருள், எச்சரிக்கை ஆகியவை அந்த அலுமினியத் தாளில் முன்கூட்டியே அச்சாகிச் சுருளாக வருகின்றன. பேட்சுக்குப் பேட்ச் மாறும் தேதியும் எண்ணும் விலையும் மட்டும் உங்கள் இயந்திரத்தில் ஓடும்போது சேர்க்கப்படுகின்றன.

ஆகவே மாறாத எழுத்துகளை ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் திரும்பத் திரும்ப அச்சிட, அச்சு உருளையை ஒருமுறை மாற்றினால் போதும். அதற்குப் பிறகு அட்டைக்கு ஒரு பைசாகூட அதிகம் ஆகாது. சில நிறுவனங்கள் இப்போதே இப்படித்தான் செய்கின்றன. அவர்களுடைய அட்டையை எப்படி வெட்டினாலும் பெயர் இருக்கிறது. அவர்களால் முடிவது மற்றவர்களாலும் முடியும்.

தேதி மட்டும் சற்றுக் கடினம். பல தொழிற்சாலைகளில் தேதியை மை இல்லாமல் உலோக எழுத்தால் அழுத்திப் பதிக்கிறார்கள். அழுத்திப் பதிக்க ஓரத்தில்தான் இடம் உண்டு. மாத்திரை உட்கார்ந்திருக்கும் குழிக்கு மேல் அழுத்த முடியாது. அந்தப் பதிப்பைப் படிக்கவும் முடிவதில்லை. வெள்ளித் தாளில் வெள்ளி எழுத்து. டியூப் லைட்டுக்குக் கீழே அட்டையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தால் எனக்கே சிரமப்பட்டுத்தான் தெரிகிறது. கண்புரை வந்த முதியவருக்கு எப்படித் தெரியும்? இதற்கு மாற்று, தாள் மூடப்படுவதற்கு முன்பே அதன் அகலம் முழுவதும் வரிசை வரிசையாகத் தேதியை மையால் அச்சிடுவது. அதற்கான கருவிகள் சந்தையில் இருக்கின்றன. செலவு உண்டுதான். ஆனால் மாத்திரை நல்லதா கெட்டதா என்று சாப்பிடுகிறவர் அறிய இருக்கும் ஒரே வழிக்கு ஆகும் செலவு அது.

வெட்டும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023இல் ஒன்றிய அரசின் நுகர்வோர் நலத் துறை, துளைக்கோடு போட்டுக் கிழித்துக் கொடுக்கும்படியான அட்டைகளைப் பற்றி யோசித்தது. வெட்டிய அட்டைகளை நிறுவனங்கள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதால் சில கடைக்காரர்கள் முழு அட்டை வாங்கச் சொல்லி வற்புறுத்துகிறார்கள் என்ற புகார்தான் அதற்குக் காரணம். நல்ல யோசனை. ஆனால் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே கிழிக்கும்படி துளைக்கோடு போட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் ஜப்பானில் இருக்கிறது. ஒற்றை மாத்திரையாக வெட்டிய பிளிஸ்டர் துண்டு, மாத்திரையைவிடச் சற்றே பெரிதாகத்தான் இருக்கும். பார்வை மங்கியவர்கள், மறதி நோய் உள்ளவர்கள், ஒரு கை மாத்திரையை மொத்தமாக வாயில் போட்டுக்கொள்பவர்கள் அதை அட்டையோடு விழுங்கிவிடுகிறார்கள். பி.வி.சி.யின் நாலு மூலையும் கூர்மை, உணவுக்குழாயைக் கிழித்துவிடும். எக்ஸ்ரேயிலும் அது எளிதில் தெரியாது. இப்படி நேர்ந்த விபத்துகளைப் பார்த்துத்தான் 1996இல் ஜப்பானிய மருந்துத் துறை, துளைக்கோட்டை ஒரே திசையில் மட்டும் போட வேண்டும், ஒற்றை மாத்திரையாகப் பிரிய விடக்கூடாது என்று முடிவெடுத்தது. இரண்டிரண்டாகப் பிரியும் அட்டை நமக்கும் பொருந்தும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்றால் ஒரு துண்டு ஒரு நாள். மூலைகளை வளைத்துவிடுங்கள். துளைக்கோடு இருந்தால் எங்கள் கத்தரிக்கோல் குழியின் ஓரத்தை உரசிக் காற்றுப் புக வழிசெய்வதும் நிற்கும்.

காற்று என்றதும் ஈரத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கார்த்திகை மாதத்துக் கடலோர ஊரில் உப்பு ஜாடியே கசிந்து நிற்கும். டெல்மிசார்ட்டன், சோடியம் வால்ப்ரோயேட் போன்றவை ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மருந்துகள். அதற்காகத்தான் இருபக்கமும் அலுமினியமாக இருக்கும் அலு-அலு அட்டையில் இவற்றுள் பலவற்றை அடைக்கிறீர்கள். உறுதியைப் பொறுத்தவரை நீங்கள் செய்திருக்கும் வேலை உயர்ந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த உறுதி எதற்காக என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. வெளியூரிலிருக்கும் பிள்ளைகள் பாசத்தோடு ஏழு நாள் டப்பா வாங்கி அனுப்புகிறார்கள். பெற்றோர் ஒரு வாரத்து மாத்திரையை எல்லாம் உரித்து அதில் நிரப்புகிறார்கள். நான்காம் நாள் சில மாத்திரைகள் ஊறிப் பொரிந்திருக்கின்றன. "சாப்பிடும்போது மட்டும் பிரிக்கவும்" என்று அந்த அட்டைகளில் தமிழிலும் ஒரு வரி இருந்தால் என்ன? எல்லா மாநில மொழிக்கும் இடம் இல்லை என்றால் படமாகப் போடுங்கள். மலேரியாவுக்கான ஆர்ட்டிமீத்தர்–லுமெஃபான்ட்ரின் மாத்திரையை எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் பிழையின்றிச் சாப்பிட வேண்டும் என்பதற்காக, ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகும் அட்டைகளில் எடைப் பிரிவு வாரியாகப் படங்கள் போட்டிருக்கிறார்கள். சூரியனும் நிலாவும் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

நாங்கள் பேனாவால் எழுதுவதற்கும் இடம் விடுங்கள். காலை ஒன்று, இரவு ஒன்று என்பதை 1-0-1 என்று மருந்துக் கவரின்மேல் எழுதிக் கொடுக்கிறோம். கவர் அன்று மாலையே குப்பைக்குப் போய்விடுகிறது. அட்டையின்மேலேயே எழுதலாம் என்றால் வழவழப்பான அலுமினியத்தில் பேனா பிடிப்பதில்லை. மார்க்கர் இரண்டு நாளில் அழிந்துவிடுகிறது. பளபளப்பில்லாத ஒரு வெள்ளைப் பட்டை, விரல் அகலம் போதும். இதுவரை நான் கேட்ட எல்லாவற்றிலும் மலிவானது இதுதான். இது ஏன் இன்னும் வரவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை.

மருந்தைத் தவறாமல் சாப்பிட அட்டையே உதவ வேண்டும் என்ற அக்கறை நம் நாட்டுக்குப் புதிதல்ல. தொழுநோய்க்கு உலகச் சுகாதார நிறுவனம் 1981இல் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பின்னர் அந்த மருந்துகள் மாத அட்டைகளாக வந்தன. 28 நாளுக்கான மருந்து ஒரே அட்டையில். பல தடிப்புகள் உள்ள பெரியவருக்கான அட்டை என்றால், முதல் நாளுக்குரிய ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் மூன்றும் தனி வரிசையில். அதைச் சுகாதாரப் பணியாளர் முன்னால் சாப்பிட வேண்டும். மீதி 27 நாளுக்கும் தினம் ஒரு டாப்சோன், ஒரு சிறிய குளோஃபாசிமின் ஜோடியாக. நோயின் வகைக்கும் பெரியவர், குழந்தை என்ற பிரிவுக்கும் ஏற்ப அட்டையின் நிறம் வேறு. தேதி தவறினால் எத்தனை நாள் தவறியது என்று குழிகளை எண்ணினாலே தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர்களும் மாதக்கணக்கில் அந்த மருந்தைச் சரியாகச் சாப்பிட்டு முடித்தார்கள். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இந்த நோய் வெகுவாகக் குறைந்ததற்கு மருந்துதான் முதல் காரணம். ஆனாலும் அந்த மருந்து வயிற்றுக்குள் நாள் தவறாமல் போய்ச் சேர அட்டையும் உதவியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காசநோய்த் திட்டத்திலும் இதே எண்ணம் இருந்தது. ஒரு நோயாளிக்கு முழுச் சிகிச்சைக்கும் வேண்டிய மருந்தை அவர் பெயர் எழுதிய ஒரே பெட்டியில் முன்பே ஒதுக்கிவைத்தார்கள்; நடுவில் மருந்து தீர்ந்துபோகாது. பிறகு, அட்டைக்குப் பின்னால் ஓர் உறையை ஒட்டி, மாத்திரையை அழுத்தி எடுக்கும்போது மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும்படி செய்தார்கள். அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைய மருந்தைச் சாப்பிட்டதாகப் பதிவாகும்.

அரசுத் திட்டங்களுக்கு வந்த இந்த யோசனை, வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் ஏன் வரவில்லை? என் கடைக்கு வரும் ஒரு பாட்டிக்கு நான்கு மருந்து. ஒன்று பத்து மாத்திரை அட்டை, ஒன்று பதினான்கு, ஒன்று பதினைந்து, தைராய்டு மாத்திரை மட்டும் நூறு அடங்கிய பாட்டிலில். நான்கும் நான்கு வெவ்வேறு நாளில் தீரும். தீரும் நாளில் பேருந்துக் காசு இருக்காது, அல்லது கூட்டிவர ஆள் இருக்காது. ஒரு மருந்து விட்டுப்போகும். நாள்பட்ட நோய்க்கான மாத்திரைகளை எல்லா நிறுவனங்களும் பதினைந்து அல்லது முப்பது என்ற ஒரே கணக்கில் அடைக்கலாம். மருந்துக் கடைக்காரர்களும் டாக்டர்களும் இதைப் பல காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

அட்டை கிழமையையும் காட்டலாம். அமெரிக்காவில் டேவிட் வாக்னர் என்ற பொறியாளர், தம் மனைவி கருத்தடை மாத்திரையை அன்று சாப்பிட்டாரா இல்லையா என்று இருவருக்கும் அடிக்கடி குழப்பம் வந்ததால், 1960களின் தொடக்கத்தில் கிழமை காட்டும் வட்ட வடிவ மாத்திரைப் பெட்டியை வடிவமைத்தார். அவர் மருந்துத் துறையைச் சேர்ந்தவரே அல்லர். வீட்டில் மாத்திரை சாப்பிடுகிற ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அவ்வளவுதான். இன்று கருத்தடை மாத்திரை அட்டைகளில் கிழமை அச்சிடுவது உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. மற்ற மாத்திரைகளுக்கும் அது வரலாம்.

இனி திறப்பதைப் பற்றி. மாத்திரையை எளிதில் எடுக்க வேண்டும் என்று முதியவருக்காகக் கேட்டால், குழந்தையும் எளிதில் எடுத்துவிடுமே என்று நீங்கள் சொல்வீர்கள். நியாயமான பதில். 2023 மார்ச்சில் உதகையில் பள்ளி மாணவர்கள் சத்து மாத்திரைகளைப் போட்டிபோட்டுத் தின்று, அவர்களில் ஒரு சிறுமி இறந்துபோன செய்தியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். இரும்புச்சத்து மாத்திரை அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். பார்வைக்கு அது மிட்டாய்போலத் தெரியும்.

ஆனால் இந்தச் சிக்கலை வேறு நாடுகள் சோதனை வைத்துத் தீர்த்திருக்கின்றன. 1970இல் அமெரிக்காவில் நஞ்சுத் தடுப்புப் பொதிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின்படி, 42 முதல் 51 மாத வயதுக் குழந்தைகளிடம் பொதியைக் கொடுத்துப் பார்ப்பார்கள். முதல் ஐந்து நிமிடத்தில் நூற்றுக்கு 85 குழந்தைகளாலாவது திறக்க முடியாமல் இருக்க வேண்டும். திறந்து காட்டிய பிறகும் நூற்றுக்கு 80 பேராலாவது முடியக்கூடாது. அதோடு பெரியவர்களையும் சோதிப்பார்கள். முதலில் 18 முதல் 45 வயதுக்காரர்களை வைத்துச் சோதித்தவர்கள், 1995இல் விதியை மாற்றி 50 முதல் 70 வயதுக்காரர்களை வைத்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 90 பேரால் திறந்து சரியாக மூட முடிய வேண்டும். குழந்தையின் கையும் முதியவரின் கையும் ஒரே சோதனையின் இரண்டு பக்கமாகிவிட்டன. ஓர் ஓரத்தை உரித்துவிட்டுப் பிறகு அழுத்தும் அட்டை போன்றவை இத்தகைய தேவையிலிருந்து பிறந்தவைதான்: வலு வேண்டாம், வரிசை தெரிந்தால் போதும்.

நம் முதியவர்களின் கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கிறேன். மூட்டுவாதத்தால் கட்டைவிரல் மடங்காதவர், நடுக்குவாதத்தால் கை ஆடுகிறவர், பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை மட்டுமே இயங்குகிறவர். இவர்கள் பல்லால் கடித்தும் அரிவாள்மணையில் அறுத்தும் அட்டையைப் பிரிக்கிறார்கள். இருபுறமும் ஒட்டிய பழைய அலுமினிய அட்டையைக் கிழிக்கும்போது மாத்திரை பொடியாகிறது, அல்லது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போகிறது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டிய மாத்திரையும் இப்படிப்பட்ட அட்டையில்தான் பலமுறை வருகிறது. அந்த நேரத்தில் வேர்த்த விரலோடு அதைக் கிழிக்க வேண்டும். கிழிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு சிறு வெட்டு போட்டிருந்தால் அது ஒரே இழுப்பில் வந்துவிடும்.

ஒரே நிறுவனத்தின் ஐந்து மருந்துகள் ஒரே நீலத்தில், ஒரே எழுத்தில் வருவதை நிறுவனத்தின் அடையாளம் என்பீர்கள். எங்கள் அலமாரியில் அது ஆபத்து. அடையாளத்தை நிறுவனச் சின்னத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்துக்கு மருந்து, அளவுக்கு அளவு நிறம் மாறட்டும். 2023 ஆகஸ்டு முதல் 300 மருந்துப் பிராண்டுகளின் உறையில் கியூ.ஆர். குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. போலி மருந்தைப் பிடிக்க அது உதவும், வரவேற்கிறேன். ஆனால் சாதாரணப் பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு அது எழுத்துக்கு மாற்றாகாது.

இவற்றில் சிலவற்றுக்குப் பணம் வேண்டும், சிலவற்றுக்கு அரசு விதி வேண்டும். ஆனால் பெயரையும் அளவையும் ஒவ்வொரு குழிக்குப் பின்னாலும் அச்சிட உங்கள் மேசையில் எடுக்கும் ஒரு முடிவு போதும். அடுத்த அட்டையின் வரைபடம் ஒப்புதலுக்கு வரும்போது அதைத் தாளில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் இரண்டிரண்டு மாத்திரையாக வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவரிடம் கொடுத்து, என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம்வரை சாப்பிடலாம் என்று கேளுங்கள். ஒரு துண்டுக்காவது அவரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
சிறு நகர மருந்தாளுநர் ஒருவர்